கணினியை முதலில் புதுப்பியுங்கள், படங்களைப் பிறகு மாற்றுங்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டது, படங்களைக் கணினிக்கு மாற்ற வேண்டும் என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது கணினியைப் பற்றித்தான். "கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள்?" சென்ற மாதம் எதிர்வீட்டு ஆசிரியை லேப்டாப்பையும் கைப்பேசியையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். பணி ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கேட்டதும் தயங்கினார். "அது அடிக்கடி ஏதோ கேட்கிறது தம்பி. எதையாவது அழுத்தி, இருப்பதும் கெட்டுவிடுமோ என்று மூடிவிடுவேன்" என்றார். அவர் கைப்பேசியில் பேரனின் முதல் ஆண்டுப் படங்கள் முழுவதும் இருந்தன. கூரை ஒழுகும் வீட்டில் யாராவது நெல் மூட்டையை இறக்கி வைப்பார்களா? அதனால்தான் இந்த வரிசை: முதலில் கணினி, பிறகு படங்கள்.

இந்தக் கட்டுரை விண்டோஸ் கணினியும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஐபோனுக்கு வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பட்டன்களின் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

அப்டேட் எதற்கு

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகமெங்கும் பரவியது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் நுழைந்து, உள்ளே இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அது பூட்டிய கோப்பு வகைகளில் நாம் எடுக்கும் சாதாரண ஜேபிஜி புகைப்படங்களும் உண்டு.

அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தது. அதற்குள் அப்டேட் செய்திருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாகத் தீநிரலால் நுழைய முடியவில்லை. ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட் வெளியானதும், ஓட்டை எங்கே இருந்தது என்பதும் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அன்று முதல் அப்டேட் செய்யாத கணினிக்குத்தான் ஆபத்து கூடுகிறது. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்ற எண்ணம் இங்கே உதவாது.

விண்டோஸை அப்டேட் செய்வது

லேப்டாப்பை மின் இணைப்பில் செருகிவிட்டுத் தொடங்குங்கள். விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்தியபடி ஐ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால் செட்டிங்ஸ் திறக்கும். விண்டோஸ் 11 என்றால் இடப்பக்கப் பட்டியலின் அடியில் 'விண்டோஸ் அப்டேட்' இருக்கும். விண்டோஸ் 10 என்றால் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' என்பதற்குள் இருக்கும். 'செக் ஃபார் அப்டேட்ஸ்' என்ற பட்டனை அழுத்துங்கள். அது தேடி எடுத்து இறக்கிக்கொள்ளும். கடைசியில் 'ரீஸ்டார்ட் நவ்' என்று கேட்டால், திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு அழுத்துங்கள்.

பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். இறக்கம் முடிந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்து லேப்டாப்பின் மூடியைச் சாத்திவிடுகிறார்கள். மூடியைச் சாத்தினால் கணினி உறங்கும், அவ்வளவுதான். மறுதொடக்கம் நடந்தால்தான் அப்டேட் முழுமையாக அமரும். ஆசிரியையின் லேப்டாப் அப்படித்தான் மாதக்கணக்கில் மூடித் திறக்கப்பட்டு வந்திருக்கிறது. மூன்று அப்டேட்கள் மறுதொடக்கத்துக்காகக் காத்திருந்தன.

மறுதொடக்கத்தின்போது திரையில் சதவீதம் ஏறும். சில நேரம் ஒரே எண்ணில் பத்துப் பதினைந்து நிமிடம்கூட நிற்கும். பழைய வன்தட்டு உள்ள கணினியில் இன்னும் நேரமாகும். அப்போது பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடாதீர்கள். அப்டேட்டால் கணினி கெட்டது என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை பாதியில் அணைக்கப்பட்டவைதான். மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊரில் மேசைக் கணினி வைத்திருந்தால் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

மறுதொடக்கம் முடிந்ததும் மீண்டும் அதே பக்கத்துக்குப் போய் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். ஓர் அப்டேட் ஏறிய பிறகே அடுத்தது கண்ணில் படுவதுண்டு. 'யூ ஆர் அப் டு டேட்' என்ற வரி வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். நெடுநாள் விட்டுவைத்த கணினி என்றால் ஒரு மாலை முழுவதும் ஆகலாம்.

அதே பக்கத்தில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் மூன்று விஷயங்களைப் பாருங்கள். 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்பதில் நீங்கள் வழக்கமாகக் கணினியில் வேலை செய்யும் நேரத்தைக் கொடுத்துவிட்டால், அந்நேரத்தில் அது தானாக மறுதொடக்கம் ஆகாது. 'ரிசீவ் அப்டேட்ஸ் ஃபார் அதர் மைக்ரோசாஃப்ட் ப்ராடக்ட்ஸ்' என்பதை இயக்கி வையுங்கள். மூன்றாவது 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்'. அதில் டிரைவர்கள், அதாவது பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் நிரல்கள், வரிசையாக இருக்கும். உங்கள் பிரிண்டரோ ஒலியோ சரியாக வேலை செய்கிறது என்றால் அவற்றைத் தொட வேண்டாம்.

இணையத்தைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டிலிருந்து எடுப்பவர்கள் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை இயக்கியிருக்கக்கூடும். நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்று அளந்து தரும் திட்டத்தில் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது இயங்கும்போது பெரிய அப்டேட்கள் தாமாக இறங்குவதில்லை. மாதம் ஒருமுறை வைஃபை கிடைக்கும் இடத்தில் அமர்ந்து நீங்களே இறக்கிக்கொள்ள வேண்டும்.

எந்த நாளில் செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்காவில் அப்போது காலை, நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆகவே மறுநாள் புதன்கிழமை காலையில் நம் கணினி கேட்கத் தொடங்கும். நான் அந்த வாரத்தின் சனிக்கிழமை மாலையை இதற்கென ஒதுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று நாள் பொறுத்தால், அப்டேட்டிலேயே ஏதாவது கோளாறு இருந்தால் அதற்குள் செய்தி வந்துவிடும். ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கும் வசதியும் உண்டு. தேர்வோ ஏதேனும் முக்கிய வேலையோ இருக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இடம் போதவில்லை என்றால்

'நாட் எனஃப் ஸ்பேஸ்' என்று வந்தால் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'ஸ்டோரேஜ்', அதற்குள் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று போங்கள். அழிக்கத் தக்கவை பட்டியலாக வரும். இந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற வரியும் இருக்கும். பெயர் தற்காலிகக் கோப்புகள் என்று சொன்னாலும், நீங்கள் இணையத்திலிருந்து இறக்கி வைத்த ஆதார் நகல், மதிப்பெண் சான்றிதழ், வங்கி அறிக்கை எல்லாம் பெரும்பாலும் அந்த ஃபோல்டரில்தான் இருக்கும். அந்தக் கட்டத்தில் டிக் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே 'ரிமூவ் ஃபைல்ஸ்' அழுத்துங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

உங்களிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று 'சிஸ்டம்', 'அபௌட்' பக்கத்தில் தெரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி ஓடும், ஆனால் புதிய ஓட்டைகள் அடைபடாது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 'என்ரோல் நவ்' என்று அது தெரியும்.

விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்பதை 'பிசி ஹெல்த் செக்' என்ற மைக்ரோசாஃப்டின் இலவசச் செயலி சொல்லிவிடும். பெரும்பாலான பழைய கணினிகள் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததாலோ, பழைய தலைமுறைப் பிராசசர் என்பதாலோ தவறுகின்றன. அப்படித் தவறினால் தூக்கிப் போட வேண்டியதில்லை. உலாவியும் எழுத்து வேலையும் மட்டும் தேவைப்படும் வீட்டுக்கு லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளம் போதும், தமிழும் அதில் நன்றாகவே தெரியும். ஆனால் அதை நிறுவும்போது வன்தட்டு அழிக்கப்படலாம். படங்களை வேறிடத்தில் வைக்காமல் யாரையும் அதில் கைவைக்க விடாதீர்கள்.

மற்ற மென்பொருள்கள்

விண்டோஸை அப்டேட் செய்தால் எல்லாம் ஆகிவிட்டது என்று பொருளில்லை. குரோம் உலாவியில் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'ஹெல்ப்', பிறகு 'அபௌட் கூகுள் குரோம்' என்று போனால், அந்தப் பக்கம் திறந்தவுடனே அப்டேட் தொடங்கிவிடும். ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் இரண்டிலும் இதே போன்ற 'அபௌட்' பக்கம் உண்டு. நாற்பது தாவல்களைத் திறந்து வைத்து உலாவியை மூடாமலே வாரக்கணக்கில் ஓட்டுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். மூடித் திறந்தால்தான் புதிய பதிப்பு நடைமுறைக்கு வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு அந்த ஸ்டோருக்குள்ளேயே அப்டேட் பட்டன் இருக்கிறது.

எஞ்சியவைதான் மறதிக்கு இரையாகின்றன. சுருக்கிய கோப்புகளைத் திறக்கும் வின்ரார் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பலருடைய கணினியில் வாங்கிய நாளில் நிறுவியது அப்படியே இருக்கும். அது தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளாது. 2023-இல் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சுருக்கிய கோப்புக்குள் படம் போலத் தெரியும் ஒன்றைத் திறந்தாலே தீநிரல் ஓடிவிடும். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த 6.23 பதிப்பு அதை அடைத்தது. 2025-இலும் வேறோர் ஓட்டை தெரியவந்து, 7.13 பதிப்பில் அடைக்கப்பட்டது. உங்கள் கணினியில் அதன் 'ஹெல்ப்' பட்டியலில் 'அபௌட்' பார்த்தால் எண் தெரியும். பழையது என்றால் அதை நீக்கிவிடுங்கள். ஜிப் வகைச் சுருக்கிய கோப்புகளை விண்டோஸே திறந்துவிடும்.

நிறுவிய மென்பொருள்களின் முழுப் பட்டியல் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்ற இடத்தில் இருக்கிறது. ஓராண்டாகத் திறக்காத எதையும் நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. இல்லாத மென்பொருளுக்கு அப்டேட் தேவைப்படாது.

போலி அப்டேட்கள்

இணையத்தில் ஏதோ படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு பெட்டி தோன்றி, உங்கள் ஃபிளாஷ் பிளேயர் பழையதாகிவிட்டது என்றோ, கணினியில் ஐந்து வைரஸ்கள் இருக்கின்றன, இந்த எண்ணை அழையுங்கள் என்றோ சொல்லும். ஃபிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31 அன்றே கைவிடப்பட்ட மென்பொருள். அதற்கு அப்டேட் என்று ஒன்று இனி கிடையாது. வலைப்பக்கத்துக்குள் தோன்றும் எந்த அப்டேட் அழைப்பையும் நம்பாதீர்கள். அப்டேட்டை நீங்களாகச் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடிச் செய்யுங்கள். பெட்டியை மூட முடியாமல் திரையை அடைத்துக்கொண்டால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அங்கே உலாவியைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகத் தொலைபேசியில் யாராவது தாமாக அழைத்தால் வைத்துவிடுங்கள்.

இன்னொரு முன்னெச்சரிக்கை. புதிய லேப்டாப்கள் பலவற்றில் வன்தட்டு தானாகவே பூட்டாக்கம் செய்யப்பட்டிருக்கும். உள்ளிருக்கும் அடிப்படை நிரல் அப்டேட் ஆன பிறகு சில வேளைகளில் நீல நிறத் திரை ஒன்று தோன்றி, பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டின் மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அது 48 இலக்கம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். கேட்கும் நாளில் தேடாமல், இன்றே கணக்கில் நுழைந்து அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் லேப்டாப்புக்குள் இருக்கும் படங்களை யாராலும் மீட்க முடியாது.

இனி படங்கள்: கேபிளிலிருந்து தொடங்குவோம்

கைப்பேசியைக் கணினியில் செருகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி இருக்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிலவற்றில் தகவல் கம்பிகளே இருக்காது, சார்ஜ் மட்டும் ஏறும். கைப்பேசியோடு பெட்டியில் வந்த கேபிளே சிறந்தது.

கேபிள் சரி என்றால் கைப்பேசியின் பூட்டைத் திறந்து, மேலிருந்து கீழே இழுத்து அறிவிப்புகளைப் பாருங்கள். 'சார்ஜிங் திஸ் டிவைஸ் வையா யுஎஸ்பி' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் தேர்வுகள் விரியும். 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் செருகியவுடன் சார்ஜ் மட்டுமே ஏற்றுவது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. தெரியாத இடத்தில் சார்ஜுக்குச் செருகும்போது உங்கள் கோப்புகளை யாரும் எடுக்கக் கூடாது என்பதற்காக.

இப்போது கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'திஸ் பிசி' என்பதற்குள் பாருங்கள். கைப்பேசியின் பெயர் இருக்கும். அதற்குள் 'இன்டர்னல் ஷேர்டு ஸ்டோரேஜ்', அதற்குள் 'டிசிஐஎம்', அதற்குள் 'கேமரா'. நீங்கள் எடுத்த படங்களும் வீடியோக்களும் அங்கே இருக்கும். மெமரி கார்டு போட்டிருந்தால் அது தனியாகத் தெரியும், அதற்குள்ளும் ஒரு டிசிஐஎம் இருக்கும். ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால் கைப்பேசி இடையில் பூட்டிக்கொண்டது என்று பொருள்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் அங்கே இருக்காது. அவற்றுக்கு 'ஆண்ட்ராய்டு', 'மீடியா', பிறகு வாட்ஸ்அப் பெயருள்ள ஃபோல்டர், அதற்குள் மீண்டும் 'வாட்ஸ்அப்', 'மீடியா', 'வாட்ஸ்அப் இமேஜஸ்' என்று போக வேண்டும். வழி நீளம்தான். குடும்பக் குழுவில் உறவினர்கள் அனுப்பிய திருமணப் படங்கள் பலருக்கும் இங்கே மட்டுமே இருக்கின்றன என்பதால், இதை விட்டுவிடாதீர்கள். காலை வணக்கப் படங்களும் கலந்திருக்கும். அவற்றைப் பிரிப்பதைக் கணினியின் பெரிய திரையில் பிறகு செய்துகொள்ளலாம்.

நகலெடுங்கள், வெட்டாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பாவின் சதாபிஷேகத்துக்கு எடுத்த படங்களைக் கைப்பேசியிலிருந்து 'கட்' செய்து கணினியில் 'பேஸ்ட்' செய்தேன். நகலெடுத்துப் பிறகு அழிக்கும் வேலை மிச்சமாகும் என்ற அவசரம். இடையில் மேசை அசைந்து கேபிள் தளர்ந்தது. திரும்பச் செருகிப் பார்த்தபோது பெரும்பாலானவை வந்திருந்தன. சில படங்கள் மேல் பாதி தெளிவாகவும், கீழ்ப் பாதி ஒரே சாம்பல் நிறமாகவும் திறந்தன. அவை கைப்பேசியிலும் இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் மாலை மாற்றிக்கொள்ளும் படத்தில் தலைகளும் மாலைகளும் இருக்கின்றன, கைகள் இல்லை. இருவரும் இப்போது இல்லை. அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை.

எனவே எப்போதும் 'காப்பி' மட்டுமே. கணினியில் முதலில் ஃபோல்டர்களை உருவாக்குங்கள். ஆண்டும் மாதமும் எண்ணாக இருந்தால் தாமாக வரிசையில் நிற்கும்: 2025-01, 2025-02 என்று. பிறகு கைப்பேசியின் கேமரா ஃபோல்டரில் காட்சியை 'டீடெய்ல்ஸ்' என்று மாற்றித் தேதிப்படி அடுக்கி, ஒரு மாதத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் விசையுடன் சி அழுத்தி, அந்த மாத ஃபோல்டருக்குள் கன்ட்ரோல் விசையுடன் வி அழுத்துங்கள். ஐயாயிரம் படங்களை ஒரே மூச்சில் இழுத்தால் நடுவில் நின்றுபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாதம் மாதமாக, ஐந்நூறு ஐந்நூறாக எடுத்தால் எது வந்தது, எது வரவில்லை என்பது தெளிவாக இருக்கும். கைப்பேசித் திரை இடையில் அணைந்து பூட்டிக்கொள்ளாதபடி அணையும் நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

நகலெடுத்து முடிந்ததும் சரிபார்ப்பு. கைப்பேசியில் தேர்ந்தெடுத்தபோது எக்ஸ்ப்ளோரரின் அடிப்பட்டையில் எத்தனை கோப்புகள் என்ற எண் தெரிந்திருக்கும். கணினி ஃபோல்டரிலும் அதே எண் வர வேண்டும். பிறகு முதல் படம், கடைசிப் படம், நடுவில் நாலைந்து படங்களைத் திறந்து அடிவரை பாருங்கள். வீடியோ என்றால் இறுதிப் பகுதிக்கு இழுத்து ஓடுகிறதா என்று பாருங்கள், பாதியில் நின்றவை தொடக்கத்தில் நன்றாகவே ஓடும்.

கணினியில் 'டேட் கிரியேட்டட்' என்பது நகலெடுத்த நாளைக் காட்டும், திடுக்கிட வேண்டாம். படம் எடுத்த நாள் கோப்புக்குள்ளேயே 'டேட் டேக்கன்' என்று பத்திரமாக இருக்கும். வாட்ஸ்அப் படங்களில் அந்த உள்தகவல் நீக்கப்பட்டிருக்கும். ஆனால் ஆண்ட்ராய்டில் அவை வாட்ஸ்அப்பில் வந்த ஆண்டு, மாதம், நாள் கோப்புப் பெயரிலேயே எட்டு இலக்கமாக இருப்பதால் பெயர்ப்படி அடுக்கினால் போதும்.

ஐபோன் என்றால்

செருகியவுடன் ஐபோன் திரையில் 'டிரஸ்ட் திஸ் கம்ப்யூட்டர்' என்று கேட்கும். டிரஸ்ட் கொடுத்துக் கடவு எண்ணைப் போட வேண்டும். கணினி ஐபோனை அடையாளம் காணவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து 'ஆப்பிள் டிவைசஸ்' செயலியை நிறுவுங்கள். பிறகு விண்டோஸின் 'ஃபோட்டோஸ்' செயலியில் 'இம்போர்ட்' என்பதைப் பயன்படுத்துவது எளிது.

மாற்றும்போது பாதியில் பிழைச் செய்தி வந்து நின்றால், ஐபோனின் செட்டிங்ஸில் 'ஃபோட்டோஸ்' பகுதிக்குப் போய், அடியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்பதில் 'கீப் ஒரிஜினல்ஸ்' தேர்ந்தெடுங்கள். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கிறது. 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால் ஒவ்வொன்றையும் ஜேபிஜி ஆக்கி அனுப்ப முயலும், அப்போதுதான் பெரும்பாலும் திணறும். மூல வடிவில் வந்த படங்கள் கணினியில் திறக்காவிட்டால் ஸ்டோரிலிருந்து 'ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' நிறுவினால் திறக்கும். 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' இயங்கினால் முழு அளவுப் படங்கள் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் இருக்கும், கைப்பேசியில் சிறிய நகல்தான் இருக்கும். அந்நிலையில் ஐகிளவுட் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

கேபிள் இல்லாத வழிகள்

பத்து இருபது படங்கள்தான் என்றால் கூகுளின் 'குவிக் ஷேர்' வசதியாக இருக்கும். விண்டோஸுக்கும் அது கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் படம் சுருங்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் 'டாக்குமெண்ட்' என்று சேர்த்து அனுப்புங்கள், மூலம் அப்படியே வரும்.

கூகுள் ஃபோட்டோஸைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். 2021 ஜூன் 1-க்குப் பிறகு அதில் ஏறும் படங்கள் எல்லாம் 15 ஜிபி இலவச இடத்தில் கணக்காகின்றன. அந்த இடத்தை ஜிமெயிலும் கூகுள் டிரைவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. இன்னொன்று, அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் கைப்பேசி, கூகுள் கணக்கு இரண்டிலிருந்தும் போய்விடும். கைப்பேசியில் மட்டும் இடம் வேண்டுமென்றால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற தனிப் பட்டன் இருக்கிறது.

இரண்டாவது நகல், அதற்குப் பிறகே அழிப்பு

படங்கள் கணினிக்கு வந்ததும் கைப்பேசியில் அழித்துவிட்டால், மீண்டும் ஒரே ஒரு நகல்தான். வன்தட்டுகள் சொல்லாமல் போகும். வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி அதில் அதே ஃபோல்டர்களை நகலெடுங்கள். பென் டிரைவ் தற்காலிகப் பரிமாற்றத்துக்கு மட்டும். அதில் நான்கு ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏற மறுத்தால் அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

டிஸ்க்கில் நகலெடுத்து முடிந்ததும் திரையின் கீழ் மூலையில் உள்ள 'இஜெக்ட்' கொடுத்து எடுத்து, அலமாரியில் வையுங்கள். எப்போதும் செருகியபடியே விடாதீர்கள். முதலில் சொன்ன பணயத் தீநிரல் போன்றவை கணினிக்குள் நுழைந்தால் அப்போது செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். அலமாரியில் இருப்பதை அவற்றால் தொட முடியாது. முடிந்தால் மூன்றாவது நகல் ஒன்றை வேறு வீட்டில், அண்ணன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வையுங்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் இருந்தவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியையின் வேலை அன்று இரவு ஒன்பதரைக்கு முடிந்தது. அப்டேட்டுக்கே இரண்டரை மணி நேரம் போனது, படங்களுக்கு ஒரு மணி நேரம். கைப்பேசியில் எதையும் அன்று அழிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, புதிதாக வாங்கிய ஹார்டு டிஸ்க்கில் இரண்டாவது நகலும் எடுத்து, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் கைப்பேசியில் அழித்தோம். அழித்தும் இடம் கூடவில்லையே என்று கேட்டார். அழித்த படங்கள் உடனே போவதில்லை, பெரும்பாலான கைப்பேசிகளில் கேலரிக்குள் இருக்கும் 'டிராஷ்' பகுதியில் ஒரு மாதம் காத்திருக்கும். ஐபோனில் அதன் பெயர் 'ரீசன்ட்லி டெலீட்டட்'. அதைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். அவசரமாக இடம் தேவைப்படாததால், அந்த ஒரு மாதமும் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.